மரமேறும் கயிற்றுப் பொறிகள்: தேர்தலும் தெளிதலும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



தமிழாசிரியர் பேச எழுந்தால் காப்பியமோ இலக்கணமோ பேசப்படும் என்று பலர் எதிர்பார்ப்பது இயல்பே. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றுள் ஒன்றன்று; கயிற்றையும் இரும்பையும் பற்றியது. மரமேறிப் பிழைக்கும் நம் இளைஞர்க்குச் சங்க நிதியிலிருந்து ஏறுபொறிகள் வாங்கித் தரலாமா என்னும் வினா செயற்குழுவின்முன் வந்துள்ளது. பெரியோர் சிலர், "காலும் கையும் தளைநாரும் போதாவோ? இரும்பை நம்பி மரமேறுவதா?" என்கின்றனர். இளைஞர் சிலரோ, "பொறி வந்துவிட்டால் விழுதல் என்பதே இல்லை" என்கின்றனர். இவ்விரு கூற்றும் உண்மையைப் பாதி பாதியாகவே கொண்டவை என்பது நம் கருத்து. முழு உண்மையை நாடுதல் கடமையாகும்; ஏனெனில், இவ்வினாவின் விடை தவறினால் இழப்பது பொருளன்று, ஒரு குடும்பத்தின் தலைமகனையே ஆம்.

"தெளிதல்" என்னும் சொல்லுக்கு நம்புதல் என்பது பழைய பொருள். திருக்குறளின் ஐம்பத்தோராவது அதிகாரத்திற்குத் "தெரிந்து தெளிதல்" என்றே பெயர். ஆராய்ந்து, அதன் பின்னர் நம்புக என்பது அத்தலைப்பின் கருத்து. அரசன் அமைச்சரைத் தேர்வதற்குச் சொல்லப்பட்ட அம்முறை, மரமேறுவோன் தன் உயிரை ஒப்படைக்கும் பொறியைத் தேர்வதற்கும் ஒரு சிறிதும் குறையாமற் பொருந்தும். சோதியாமல் நம்புவதும் கேடு. சோதித்துத் தேர்ந்த பின்னர் ஓயாமல் ஐயுற்று நடுங்குவதும் கேடு. இவ்விரண்டினையும் இன்று பேசுவோம்.

முதலாவது, கயிறு எங்ஙனம் மனிதனைத் தாங்குகின்றது என்பதை அறிதல் வேண்டும். பனையேறுவோர் கால்களில் தளைநாரை மாட்டி, மரத்தைக் கைகளால் தழுவி ஏறுகின்றனர். அவர்களைத் தாங்குவது உராய்வு. உடலின் சுமை மரத்தின்மீது எத்துணை அழுந்துகின்றதோ அத்துணைப் பிடிப்பு உண்டாகின்றது. சுமையே பிடியை இறுக்குகின்றது. சுமையை நீக்கினால் பிடி தளர்கின்றது. இவ்வொரு விதியின்மேலேதான் உலகிலுள்ள ஏறுகயிற்றுப் பொறிகள் யாவும் நிற்கின்றன. நம் முன்னோர் காலால் அறிந்ததையே மேனாட்டார் முடிச்சாலும் இரும்பாலும் செய்தனர்.

முடிச்சு முந்தியது. ஆஸ்திரியா நாட்டு மலையேறியாகிய கார்ல் புருசிக் என்பார், தடித்த கயிற்றின்மேல் மெல்லிய கயிற்றை மும்முறை சுற்றி இடும் ஒரு முடிச்சை 1931-இல் எழுத்தில் விளக்கினார். சுமை ஏறினால் அம்முடிச்சு இறுகும். சுமை நீங்கினால் கையால் மேலே நகர்த்தலாம். மரத்தில் ஏறி வேலை செய்வோர் இன்றளவும் அதனையும், அதன் வழிவந்த பல முடிச்சுகளையும் பயன்படுத்துகின்றனர். அடுத்து வந்தது இரும்புப் பிடி. சுவிட்சர்லாந்தில் கழுகுகளை ஆராய்ந்துவந்த யூசி என்பார்க்குப் பாறை முகட்டினின்று தொங்கும் கயிற்றில் ஏறியிறங்க வேண்டியிருந்தது. அவரும் மார்ட்டி என்பாரும் சேர்ந்து 1958-இல் பற்களையுடைய பிடிப்பொறியொன்றை ஆக்கினர். இருவர் பெயரின் முன்னெழுத்துக்களையும் சேர்த்து அதற்கு "யூமார்" என்று பெயர் வைத்தனர். அதன்பின் பல்வகைப் பொறிகள் தோன்றின.

இவற்றை நாம் மூவகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல்வகை, யூமார் போன்ற பற்பிடி. இது கயிற்றில் மேலே மட்டும் நகரும், கீழே நகராது. ஏறுதற்கு மிக எளிது. ஆனால், இதன் பற்கள் கயிற்றின் மேலுறையைக் கவ்வியே நிற்கின்றன. நின்ற சுமைக்கு இது நன்று. திடீரென விழும் சுமைக்கு நன்றன்று. கயிற்றைத் தளரவிட்டு அதன்மேல் விழுந்தால், சுமார் நானூறு கிலோ அளவைத் தாண்டிய இழுப்பிலே பற்கள் கயிற்றின் உறையைக் கிழித்துவிடக் கூடும். ஆதலின், பற்பிடி ஏறுதற்குத் துணையேயன்றி, விழுவோனைத் தாங்கும் காவலன் ஆகாது.

இரண்டாம்வகை, முடிச்சின் வேலையைச் செய்யும் பொறி. கோக்கப்பட்ட உலோகத் துண்டுகள் சங்கிலிபோல் வளைந்து கயிற்றை நெரித்துப் பிடிக்கும். மேலுள்ள நெம்பினை அமுக்கினால் நெரிப்பு நீங்கி மனிதன் கீழிறங்குவான். பிரான்சு நாட்டுப் பெட்சல் நிறுவனத்தாரின் "ஜிக்ஜாக்" இவ்வகையைச் சேர்ந்தது. ஏறவும் இறங்கவும் கிளைக்குக் கிளை நடக்கவும் இவ்வகை ஏற்றது.

மூன்றாம்வகை, கிளையில்லாத மரங்களுக்கு உரியது. தென்னையிலும் பனையிலும் கயிற்றைத் தொங்கவிடக் கிளையில்லை. ஆகவே, மரத்தையே சுற்றும் கம்பிவடத்தை உடைய இரண்டு இரும்புச் சட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக உயர்த்தி ஏறும் பொறி நம் பக்கத்தில் வளர்ந்தது. கேரளத்துக் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியில் ஓர் உழவர் ஆக்கிய பொறி, செம்பேரி மாதிரி என்றே வழங்குகின்றது. அதில் நின்றவாறே ஏறலாம். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் அமர்ந்து ஏறும் வகையொன்றை ஆக்கினர். தென்னை வளர்ச்சி வாரியத்தார் 2011-இல் "தென்னை மரத்தின் நண்பர்கள்" என்னும் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கி, இப்பொறிகளைக் கையாள இளைஞர்க்குக் கற்பித்தனர். இங்கே ஒன்றைக் கருதுக: அத்திட்டத்தார் பொறியை மட்டும் கொடுத்து அனுப்பிவிடவில்லை, பயிற்சியையும் சேர்த்தே கொடுத்தனர்.

இனி, தேர்தல். ஒரு பொறியை வாங்குமுன் ஐந்து வினாக்களை வினவுதல் வேண்டும்.

முதல் வினா: இது எந்தக் கயிற்றுக்கு? பொறியின் உடலிலேயே கயிற்றின் பருமன் மில்லிமீட்டரிற் பொறிக்கப்பட்டிருக்கும். 11.5 முதல் 13 வரை என்று குறித்த பொறியில் 10 மில்லிமீட்டர்க் கயிற்றைக் கோத்தால், கடையில் கையால் இழுத்துப் பார்க்கும்போது பிடிப்பதுபோலவே தோன்றும். மரத்தின்மேல் சுமை ஏறியபோது வழுகும். கயிறும் பொறியும் மணமக்களைப் போல்வன. தனித்தனியே நல்லவராயினும் பொருத்தம் இன்றியமையாதது. தேங்காய்நார்க் கயிறும் பனைநார்க் கயிறும் இப்பொறிகளுக்கு ஒருகாலும் ஆகா. உள்ளே இழைத்திரளும் வெளியே பின்னிய உறையுமாகிய கயிறே வேண்டும். ஐரோப்பியர் இதற்கு "ஈ.என். 1891" என்னும் தர எண்ணை வகுத்துள்ளனர். அதில் "ஏ" வகைக்கயிறு 22 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 2,200 கிலோ இழுப்பைத் தாங்க வேண்டும். முனையில் முடிச்சிட்ட நிலையிலோ 15 கிலோநியூட்டன் தாங்கினாற் போதும் என்று அதே தரம் வகுக்கின்றது. முடிச்சு கயிற்றின் வலிமையைக் குறைக்கும் என்பது இதனால் விளங்கும்.

இரண்டாம் வினா: இது எந்த முறைக்கு? கயிற்றைக் கிளைமேற் போட்டு அதன் இரு பக்கத்தையும் தன்னோடு இணைத்து ஏறுவது ஒரு முறை. அதில் பொறியின்மேல் ஆளின் சுமையிற் பாதியே விழும். கயிற்றின் ஒரு முனையைக் கட்டிவிட்டு, அசையாத ஒற்றைக் கயிற்றில் ஏறுவது மற்றொரு முறை. அதிற் சுமை முழுவதும் பொறிமேலே விழும். பாதிச் சுமைக்கென்று ஆக்கிய பொறியை முழுச் சுமைக்கு இடுதல், ஓராள் தூக்கும் காவடியை இருவர் சுமையால் முறிப்பது போலாம். மேலும், ஒற்றைக் கயிற்றைக் கிளைமேற் போட்டு மறுமுனையை மரத்தின் அடியிற் கட்டினால், 80 கிலோ எடையுள்ளவன் தொங்கும்போது அக்கிளை 160 கிலோவுக்கு அண்மையான சுமையைத் தாங்குகின்றது. இருபுறமும் ஒத்த இழுப்பு உண்டாவதே காரணம். பொறி உறுதியாயிருந்து கிளை முறிந்தால் பயன் என்னை?

மூன்றாம் வினா: இதனைச் செய்தவர் யார்? தயாரித்தவர் பெயர், தர எண், தொடரெண், ஆண்டு ஆகியவை பொறிக்கப்படாத பொருளை, விலை எவ்வளவு மலிவாயினும், வாங்கற்க. இதற்கு ஒரு சான்று உண்டு. மேலே கூறிய ஜிக்ஜாக் பொறி வெளிவந்த பின்னர், பயன்பாட்டிலிருந்த சிலவற்றிற் குறை வெளிப்பட்டது. உடனே அந்நிறுவனத்தார் 2013-இல் அப்பொறியைப் பயன்படுத்த வேண்டாவென அறிவித்துத் திரும்பப் பெற்றனர்; பின்னர்த் திருத்திய வடிவத்தை வெளியிட்டனர். இதனைக் கேட்டுச் சிலர், "பேர்பெற்ற பொறியே இப்படியாயின் எதை நம்புவது?" என்பர். நாம் அதனை மறுதலையாகப் பார்க்கின்றோம். பெயருடையவன் தன் பிழையைச் சொல்லித் திரும்பக் கேட்டான். பெயரில்லாத பொறி உடைந்தால் யார் கேட்பார்? யாரிடம் சொல்வது? ஆகவே, தொடரெண்ணை ஏட்டிற் குறித்து, தயாரித்தோரின் அறிவிப்புகளை அவ்வப்போது பார்த்துவருதலும் தேர்தலின் பகுதியேயாம்.

நான்காம் வினா: கை இறுகினால் என்னாகும்? இஃது எளிதிற் புலப்படாத நுட்பம். அச்சமுற்ற மனிதன் கையிலுள்ளதை இறுகப் பற்றுவான், இஃது இயற்கை. பல பொறிகளில் நெம்பினைப் பற்றினால் பிடி தளரும். முடிச்சையும் மேலிருந்து பற்றி இழுத்தால் அஃது இறங்கும். எனவே, வழுக்கிய கணத்தில் உயிருக்குப் பயந்து பற்றிய கையே உயிரைப் போக்கக்கூடும். சில பொறிகளில் நெம்பினை அளவு மீறி இழுத்தால் மீண்டும் பூட்டிக்கொள்ளும் அமைப்பு உண்டு. அஃது இல்லாத பொறியாயின், விழும்போது கையை விட்டுவிடப் பழகுதல் வேண்டும். பழக்கமன்றி அறிவுரையால் இது வாராது.

ஐந்தாம் வினா: நம் தொழிலுக்கு இது பொருந்துமா? மேனாட்டார் பொறிகள் ஓக் போன்ற கிளைமரங்களுக்கு ஆக்கப்பட்டவை. பனையேறுவோன் கையில் மயிரையும் பிளக்கும் பாளையரிவாள் இருக்கின்றது. இறுகி நிற்கும் கயிற்றில் அரிவாள் பட்டால், ஒரு வீச்சிலேயே அறுந்துபோம். அதனாலன்றோ மேனாட்டு மரத்தொழிலாளர், மரத்தின்மேல் இயந்திர வாளைப் பிடிக்கும்போது இரண்டு பிணைப்புக்களோடு இருத்தல் வேண்டும் என்று விதித்துக்கொண்டனர்? நாமும், உள்ளே எஃகுக் கம்பியுடைய இடைக்கயிறு ஒன்றும் வேறொரு கயிறும் ஆக இரண்டினைக் கொள்ளல் வேண்டும். மற்றொன்று: பதநீர்க் கலயத்திற்குச் சுண்ணாம்பு இடுகின்றோம். பாலியெஸ்டர் என்னும் இழை காரத்தால் நலியும். நைலான் அமிலத்தால் நலியும். சுண்ணாம்பு காரம், ஆகையால் சுண்ணாம்புப் பெட்டியையும் கயிற்றையும் ஒரே பையிற் போடற்க. பதநீர்ப் பிசுக்கும் தூசும் பொறியின் வில்லிற் சேர்ந்தால், நெம்பு மீளாமல் நின்றுவிடும். ஒவ்வொரு நாளும் துடைத்தல் வேண்டும்.

தேர்ந்த பின்னர்த் தெளிதல். ஒரு பொறியை நம்புதற்குரிய வழி யாது?

வாங்கிய அன்றே உச்சிக்கு ஏறுதல் நம்பிக்கையன்று, துணிச்சலாம். முதற்கண் ஒரு முழ உயரத்தில், கால் தரையை எட்டும் நிலையில் தொங்கிப் பார்க்க. நூறுமுறை ஏறியிறங்குக. ஈரக் கயிற்றிலும் பார்க்க. காலைப் பனியில் நனைந்த கயிறு உலர்ந்த கயிறுபோல் நடவாது. பின்னர் ஓராள் உயரம். பின்னர் ஈராள் உயரம். கை அறியாமலே பொறியின் குணம் கைக்குத் தெரிந்த பின்னரே மரத்திற் பாதி ஏறுக.

ஒவ்வொரு நாளும் ஏறுமுன் மூன்று பார்வை: கண் பார்வை, கைப் பார்வை, சுமைப் பார்வை. வெடிப்பு, வளைவு, கூர்ந்த விளிம்பு, கயிற்றின் உறைக்கிழிசல் ஆகியவற்றைக் கண்ணாற் காண்க. கயிற்றை முழுநீளமும் விரலிடையிற் செலுத்தி, உள்ளே மெலிந்த இடமோ கட்டியோ உண்டா எனக் கையால் உணர்க. காரபினர் என்னும் இணைப்பு வளையம் தானே மூடித் தானே பூட்டிக்கொள்கின்றதா என்று பார்க்க. அதன்பின் தரையிலேயே முழுச் சுமையையும் இட்டு உலுக்கிப் பார்க்க. தன் பிணைப்பைத் தானே பார்த்ததோடு நில்லாமல், தோழன் ஒருவனும் பார்க்க வேண்டும். பழகிய கண் குறையைக் காணாது. புதிய கண் காணும்.

இறங்கும்போது விரைவு கூடாது. விரைந்து இறங்கினால் உராய்வால் உலோகம் சுடும். நைலானும் பாலியெஸ்டரும் 200 பாகை செல்சியசுக்கு மேலேதான் உருகும்; ஆயினும் அதற்கு முன்னரே வலுவிழக்கும். டைனீமா என்னும் வலிய இழையோ 150 பாகைக்குக் கீழேயே உருகிவிடும். இழுப்பிற்கு வலியது வெப்பத்திற்கு மெலியதாதலும் உண்டென்பதை இதனால் அறிக.

கயிற்றில் தளர்ச்சி கூடாது. தளர்ந்த கயிற்றில் ஒரு கோல் ஆழம் விழுந்தால், உடலின் எடையினும் பன்மடங்கு இழுப்பு உண்டாகும். பொறி எப்போதும் தலைக்குமேல் அல்லது இடைக்கு நேரே, கயிறு இறுகிய நிலையில் இருத்தல் வேண்டும்.

பனை தென்னைகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. மட்டையிற் கயிற்றைப் போட்டுத் தொங்கற்க. உலர்ந்த மட்டை எப்போது கழலும் என்று யாரும் அறியார். இடைக்கயிறு அடிமரத்தையே சுற்றி நிற்க வேண்டும். கலிபோர்னியாவில், காய்ந்த ஓலைகள் கழிக்கப்படாமற் பாவாடைபோல் தொங்கும் பனையினங்களில், அவ்வோலைத் திரளின் அடியிற் புகுந்து ஏறியவர்மேல் அத்திரள் முழுவதும் சரிந்து, மூச்சடைத்து இறந்தோர் உண்டு. கட்டிய கயிறு அறவில்லை. அவர்கள் கீழே விழவும் இல்லை. பொறி மனிதனை விழாமற் காக்கும். மரத்தை அறியாதவனை மரத்தினின்று காவாது. மட்டை கழிக்காத மரத்தின் ஆபத்தை நம் பெரியோர் அறிவர். அவ்வறிவு பொறியோடு விற்கப்படுவதில்லை.

இரட்டைச் சட்டப் பொறிக்கும் இவ்விதிகளே. சட்டம் சாய்வதனால்தான் கம்பிவடம் மரத்தைக் கவ்வுகின்றது. ஒரு சட்டத்தை உயர்த்தும்போது உடற்சுமை மற்றதன்மேல் முழுதும் இருத்தல் வேண்டும். மரம் மேலே சிறுத்தால் வடத்தின் வளையத்தையும் சுருக்க வேண்டும். வடத்தில் ஓரிழை முறிந்து முள்போல் நீட்டிக்கொண்டிருந்தாலும் அவ்வடத்தை நீக்குக. இவ்வாறெல்லாம் செய்தும், சட்டத்தை மட்டும் நம்பாமல், இடுப்புப் பட்டையோடு தனி இடைக்கயிறு மரத்தைச் சுற்றி இருத்தல் வேண்டும். ஒன்று தவறினால் மற்றொன்று, இதுவே முறை.

இன்னுமொரு கடமை, தனியே ஏறாமை. பட்டையிற் கட்டுண்டு நினைவிழந்து தொங்குவோனுக்கு இரத்த ஓட்டம் தடைப்படும். சில நிமிடங்களிலேயே உயிர்க்கு ஆபத்து. விழாமல் தொங்கியே இறத்தலும் உண்டு. ஆதலின், கீழே ஒருவர் இருத்தலும், அவர்க்கு மேலுள்ளவனை இறக்கத் தெரிதலும் வேண்டும்.

இவையெல்லாம் செய்த பின்னர் ஐயத்தை விட்டுவிடுக. இதனைச் சிறப்பாகப் பெரியோர்க்குச் சொல்கின்றோம். "இரும்பு அறுந்துவிடும், அறுந்துவிடும்" என்று ஏறும் பிள்ளையின் காதில் ஓதினால், அவன் பட்டையிற் சாய்ந்து இரு கையாலும் வேலை செய்யான். ஒரு கையால் மரத்தைப் பற்றிக்கொண்டே ஒரு கையால் அரிவான். அந்நடுக்கமே அரிவாளைக் கயிற்றின்மேற் செலுத்தும். சோதித்த பொறியில் உடலை முழுதும் சாய்த்து நிற்பவனே பாதுகாப்பாக நிற்கின்றான். இளைஞர்க்குச் சொல்வது இதன் மறுதலை: பொறி உங்கள் கால்களின் அறிவுக்கு மாற்றன்று. பெரியோரிடம் மரத்தைக் கற்றுக்கொண்டு, பயிற்சியாளரிடம் கயிற்றைக் கற்றுக்கொள்க.

முடிவாக, செயற்குழுவிற்கு நம் விண்ணப்பம். ஒதுக்கும் நிதியில் முதற்பங்கு பயிற்சிக்குச் செல்க. இரண்டாம் பங்கு உடற்பட்டைக்கும் இடைக்கயிற்றுக்கும் செல்க. பொறிக்கு மூன்றாம் பங்கே போதும். பத்துப் பேருக்குத் தரமற்றதை வாங்கித் தருவதினும் நால்வர்க்குத் தரமானதை வாங்கித் தருதல் நன்று. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் ஏடு வைத்து, வாங்கிய நாள், தொடரெண், சோதித்த நாள், சோதித்தோர் பெயர் ஆகியவற்றை எழுதுக. ஒருமுறை பெருவிழுக்காட்டைத் தாங்கிய கயிற்றை, கண்ணுக்குக் குறை தெரியாவிடினும், துண்டாக அறுத்துவிடுக. இல்லையேல் வறுமையாற் பிறிதொருவன் எடுத்துக் கட்டிக்கொள்வான். ஏறுவோரின் மனைவியரும் அன்னையரும் இச்சோதனைகளைக் கற்றல் வேண்டும். வீட்டினின்று புறப்படுமுன் கயிற்றைப் பார்க்கும் இரண்டாம் கண் அவர்களுடையதாகுக.

மரம் நமக்குச் சோறிட்டது, கல்வி தந்தது, நம் பிள்ளைகளிற் பலரைப் பள்ளிக்கு அனுப்பியது. அம்மரத்தின் அடியில் இனி ஒரு தாயும் அழாதிருக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். தெரிந்து தெளிவோம், தெளிந்து ஏறுவோம்.